பளபளப்பும் ‘டக்’கென்ற சத்தமும்: வீட்டில் வார்க்கும் சாக்லேட்டின் அறிவியல்

குமரி மாவட்டத்தில் பல வீடுகளுக்கு சாக்லேட் என்பது வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருகிறவர்களின் பெட்டியில் வருவதுதான். பெட்டி திறந்த அன்றே பக்கத்து வீடுகளுக்கும் பங்கு போய்விடும். அவற்றில் சிலவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருக்கும். பூசணம் பிடித்துவிட்டது என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது பூசணம் இல்லை. வழியில் வெயிலில் உருகி, பிறகு தன் போக்கில் இறுகிய கொழுப்பு.

கிறிஸ்துமஸுக்கு கேக் கொடுத்து வாங்குவதோடு, வீட்டிலேயே மோல்டில் வார்த்த சாக்லேட்டையும் இப்போது பலர் அன்பளிப்பாகக் கொடுக்கிறார்கள். அங்கேயும் அதே படலம் வருகிறது. மோல்டை விட்டு வர மறுக்கிறது, கையில் எடுத்ததும் பிசுபிசுக்கிறது, கடித்தால் மெழுகு மாதிரி வளைகிறது. இத்தனை குறைகளுக்கும் காரணம் ஒன்றே: உள்ளே இருக்கும் கொழுப்பு தவறான படிகமாக இறுகியிருக்கிறது.

சாக்லேட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. நல்ல சாக்லேட்டில் அது கோகோ வெண்ணெய். மிக நைசாக அரைத்த சர்க்கரையும் கோகோவும் அந்தக் கொழுப்புக்குள் மிதக்கின்றன. பளபளப்பு, உடையும் சத்தம், வாயில் கரையும் விதம் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்தக் கொழுப்புதான்.

கோகோ வெண்ணெயின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் வால் போல ஒட்டியிருக்கும். பால்மிட்டிக், ஸ்டீயரிக் என்ற நேரான வால்கள் இரு ஓரத்திலும், ஓலியிக் என்ற வளைந்த வால் நடுவிலும் இருப்பதுதான் அதிகம். மொத்தத்தில் கிட்டத்தட்ட ஒரு நாற்காலியின் வடிவம். கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அடுக்கினால் சிறிய இடத்தில் உறுதியாக நிற்கும். கண்டபடி குவித்தால் இடமும் அடைக்கும், தொட்டால் சரியவும் செய்யும். கோகோ வெண்ணெய் ஆறு விதமாக அடுக்கிக்கொள்ளும். 1966இல் வில்லே, லட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த ஆறையும் வகைப்படுத்தி எண்ணிட்டார்கள். முதல் வகை சுமார் 17 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். நான்காவது 27, 28 டிகிரியில் உருகும். ஐந்தாவது ஏறத்தாழ 34 டிகிரி வரை தாங்கும். ஆறாவது 36.

நமக்கு வேண்டியது ஐந்தாவது. அது நெருக்கமாக அடுக்கிய படிகம், அதனால் ஒடித்தால் ‘டக்’கென்று உடையும். 34 டிகிரியில் உருகுவதால் வெளியில் திடமாக நிற்கும், 37 டிகிரி உள்ள வாய்க்குள் போனதும் கரையும். இறுகும்போது சற்றே சுருங்குகிறது. அந்தச் சுருக்கம்தான் மோல்டிலிருந்து அதைத் தானாக விடுவிக்கிறது. மோல்டுக்கு எண்ணெய் தடவ வேண்டியதே இல்லை. வேறு படிகங்கள் கலந்திருந்தால் போதுமான அளவு சுருங்காது, எத்தனை தட்டினாலும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

இந்த எண்களை நம் ஊர் அறையோடு வைத்துப் பாருங்கள். நாகர்கோவிலில் ஒரு சாதாரண மதியம் வீட்டுக்குள் 30 டிகிரியைத் தாண்டும். நான்காம் வகைப் படிகத்தால் அந்த அறையில் இருக்கவே முடியாது. ஐந்தாம் வகை மட்டும் நிற்கும், அதுவும் மூன்று நான்கு டிகிரி வித்தியாசத்தில். ஊட்டியில் அரைகுறையாகச் செய்த சாக்லேட்கூடத் தப்பித்துவிடும். இங்கே தப்பிக்காது. டெம்பரிங் என்ற வேலையை விட்டுவிட்டால் சாக்லேட் கெடும் என்பது நம் மாவட்டத்தில் உறுதி.

டெம்பரிங் என்பது ஐந்தாம் படிகத்தை மட்டும் வளரவிடுவது. முதலில் டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கி, பழைய படிகங்கள் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். வழக்கமான முறையில் அதை 27 டிகிரிக்கு ஆறவிட்டு, நான்காம் ஐந்தாம் படிகங்களை உருவாக்கி, மறுபடி 31, 32 டிகிரிக்கு ஏற்றி நான்காவதை மட்டும் உருக்கி விரட்டுவார்கள். அறையே 30 டிகிரியில் இருக்கும்போது 27க்கு இறக்குவது பெரும்பாடு. அதனால் நம் ஊருக்கு விதை முறைதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

அரைக் கிலோ என்றால் 350 கிராமை மட்டும் உருக்குங்கள். மீதி 150 கிராமைப் பொடியாக நறுக்கி வையுங்கள். கடையில் வாங்கிய நல்ல சாக்லேட்டில் ஐந்தாம் படிகம் ஏற்கெனவே இருக்கிறது, அதுதான் விதை. உருக்கியது 34, 35 டிகிரிக்கு வந்ததும் நறுக்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால், அது பாதி உருகி வெப்பத்தை இழுக்கும், உருகாத துகள்கள் தன்னைப் போன்ற படிகங்களை வளர்க்கும். 31, 32 டிகிரியில் நிறுத்துங்கள். மில்க் சாக்லேட்டில் பால் கொழுப்பும் இருப்பதால் இரண்டு டிகிரி குறைவாக, 29, 30 போதும். இதற்கு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும், கைப்பக்குவத்தை நம்ப முடியாது. இங்கே நம் வெப்பமே ஒரு வசதியும் தருகிறது: குளிர் நாட்டில் வார்த்து முடிப்பதற்குள் கிண்ணத்தில் இறுகத் தொடங்கும் சாக்லேட், நம் அறையில் நிதானமாக வேலை செய்ய விடும்.

சரி, வார்த்தாயிற்று. இனி இறுக வேண்டும். ஏசி அறை இருந்தால் 22 டிகிரியில் வைப்பது உத்தமம்; ஏசி காற்றின் ஈரத்தையும் குறைக்கும். இல்லையென்றால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் பத்து பதினைந்து நிமிடம், ஃப்ரீசரில் வேண்டாம். மோல்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் இடைவெளி விட்டு வையுங்கள். படிகமாகும்போது கொழுப்பு வெப்பத்தை வெளியே தள்ளும். நெருக்கி வைத்தால் அந்த வெப்பமே உருவான படிகங்களைக் குலைக்கும். பளபளப்பு மோல்டைப் பொறுத்தது. உள்ளே இருக்கும் மேற்பரப்பை சாக்லேட் அப்படியே நகலெடுக்கும், விரல் ரேகை இருந்தால் அதையும் சேர்த்து. பஞ்சால் துடைத்து, ஈரமில்லாமல் வைத்திருக்க வேண்டும்.

ஈரம்தான் அடுத்த எதிரி. உருகிய சாக்லேட்டில் நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் சர்க்கரைத் துகள்கள் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டி, எல்லாம் மண்ணாங்கட்டியாகிவிடும். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து உருக்கும்போது ஓரத்தில் ஏறும் ஆவியே இதற்குப் போதும். கீழே தண்ணீர் கொதிக்காமல், வெறும் சூட்டில் இருக்கட்டும். மார்த்தாண்டம் தேனைச் சேர்க்க ஆசைப்படுகிறவர்களும் கவனிக்க வேண்டும்: தேனில் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் தண்ணீர் உண்டு. உருகிய சாக்லேட்டில் கலக்காதீர்கள். இறுகிய சாக்லேட் ஓட்டுக்குள் நிரப்பி மூடுங்கள்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் வியர்ப்பது இன்னொரு வகை ஈரம். 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 26 டிகிரிக்குக் கீழுள்ள எதன்மீதும் பனித்துவிடும். அந்த நீர் மேலுள்ள சர்க்கரையைக் கரைத்து, காய்ந்தபின் சொரசொரப்பான வெள்ளைப் படலமாக விட்டுப் போகும். இது கொழுப்புப் படலத்திலிருந்து வேறு. விரலால் தேய்த்துப் பாருங்கள்: கொழுப்பென்றால் வழவழத்து மறையும், சர்க்கரையென்றால் நெருடும். இரண்டும் சாப்பிடத் தீங்கில்லை. தடுப்பது எளிது. மோல்டை மூடிய டப்பாவில் வைத்தே வெளியே எடுங்கள். டப்பா அறைச் சூட்டுக்கு வந்தபின் திறங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்: நன்றாக ஓடட்டும் என்று ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விடுவது. தேங்காய் எண்ணெயில் மிகுதியாக இருக்கும் லாரிக் அமிலம் 12 கார்பன் நீளமுள்ள குட்டை வால். கோகோ வெண்ணெயின் வால்கள் 16, 18 கார்பன். இரண்டும் சேர்ந்து நெருக்கமாக அடுக்கிக்கொள்ளாது, கலவையின் உருகுநிலை சரிந்துவிடும். ஐஸ்கிரீம் மேல் ஊற்ற அது அருமை, மோல்டுக்கு ஆகாது. கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பாம் கர்னல் எண்ணெயில் செய்த காம்பவுண்ட் சாக்லேட்டை நல்ல சாக்லேட்டோடு பாதிக்குப் பாதி கலப்பதும் இதே காரணத்தால் கெடும். காம்பவுண்ட் தனியாக இருந்தால் டெம்பரிங் வேண்டாம், வேலை சுலபம், சுவை குறைவுதான். வாங்கும்போது உறையில் கோகோ வெண்ணெய் என்று இருக்கிறதா, தாவர எண்ணெய் என்று இருக்கிறதா என்று படித்துவிடுங்கள்.

உள்ளே என்ன வைக்கலாம்? உலர்ந்தது எதுவும். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி கிராம்பு எனக்குப் பிடித்தது. அதன் மணத்தைத் தரும் யூஜினால் கொழுப்பில் கரையும், ஆகவே ஒரு சிட்டிகைப் பொடி சாக்லேட் முழுக்கப் பரவும். வறுத்து ஆறவைத்த அண்டிப்பருப்பும் (முந்திரி) பொருத்தம். ஆனால் பருப்பின் எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து வெள்ளைப் படலத்தைச் சீக்கிரம் வரவழைக்கும். ஆகையால் பருப்பு வைத்ததைக் கொடுக்கும் நாளுக்கு நெருக்கமாகச் செய்யுங்கள், வெறும் சாக்லேட்டை முன்கூட்டியே செய்து காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். பச்சைத் தேங்காய்த் துருவல் வேண்டாம், அதன் ஈரத்தால் இரண்டொரு நாளில் கெட்டுவிடும்.