நீர்க்கடுப்புக்குப் பார்லித் தண்ணி: சீலியாக் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது

வெயில் ஏறத் தொடங்கினால் சென்னையில் பல வீடுகளில் பார்லி கொதிக்கும். நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, உடம்புச் சூடு எதுவானாலும் முதல் கைவைத்தியம் அதுதான். மற்றவர்களுக்கு அதனால் கெடுதல் இல்லை. சீலியாக் நோய் உள்ளவருக்கு அந்த டம்ளர் ஆகவே ஆகாது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் புரதம் உள்ளே போனால் சிறுகுடல் பாழாகும் நோய் அது. அந்தக் குளூட்டன் பார்லியிலும் இருக்கிறது.

டயட்டீஷியனாக இது எனக்குப் படிப்பிலேயே தெரியும். ஆனாலும் ஒரு நோயாளியிடம் கேட்கத் தவறிவிட்டேன். ஆதம்பாக்கத்திலிருந்து வருபவர், முப்பதுகளில் இருக்கிறார் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). எவ்வளவு இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாமல், கடைசியில் எண்டோஸ்கோப்பி செய்து சதை எடுத்துப் பார்த்ததில் சீலியாக் என்று தெரிந்தது. சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா எல்லாவற்றையும் விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. வயிற்று உப்புசம் போகவில்லை, ரத்தத்தில் டி.டி.ஜி. (சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள்) அளவும் இறங்கவில்லை. கூடவே சிறுநீர் போகும்போது எரிச்சல், போய்விட்டு வந்த உடனே மறுபடி போக வேண்டும் போல ஓர் அவசரம். மூன்று தடவை மருந்துக்கடையில் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். பிறகு எடுத்த யூரின் கல்ச்சரில் கிருமியே வளரவில்லை. சிறுநீரில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருந்தன. ஸ்கேனில், சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் சிறுநீர்ப்பையில் சேரும் வாசலில் 4 மி.மீ. கல் ஒன்று நின்றிருந்தது. அந்த இடத்தில் நிற்கும் கல் அச்சுஅசல் கிருமித் தொற்று போலவே தொந்தரவு கொடுக்கும்.

"தண்ணி நிறையக் குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"குடிக்கிறேன் மேடம். காலையில எழுந்ததும் அத்தை பெரிய சொம்புல பார்லித் தண்ணி வெச்சுக் குடுத்துடுவாங்க. எரிச்சலுக்கு நல்லதாச்சே."

அதுவரை அவர் சாப்பிடுவதை மட்டும் வரிவரியாகக் கேட்டிருந்தேன், குடிப்பதைக் கேட்கவில்லை. இப்போது யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.

சீலியாக் நேராகச் சிறுநீர்ப்பையைத் தாக்கும் நோய் அல்ல. சிறுநீர்த் தொந்தரவு குடலின் வழியாக வருகிறது. நாம் சாப்பிடும் கீரை, கொட்டை வகைகளில் இருக்கும் ஆக்சலேட்டைக் குடலிலேயே கால்சியம் பிடித்து, மலத்தோடு வெளியே தள்ளிவிடும். சிறுகுடலின் உறிஞ்சிகள் தேய்ந்துபோனால் கொழுப்பு சரியாக உள்ளே போகாது. தேங்கும் கொழுப்பு அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். தனியாக நிற்கும் ஆக்சலேட் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போய்ச் சேரும். பேதியும் இருந்தால் சிறுநீர் கெட்டியாகிவிடும், கல்லைத் தடுக்கும் சிட்ரேட்டும் குறையும். இதற்கு மேல் சென்னை வெயிலின் வியர்வை வேறு.

எல்லோருக்கும் காரணம் கல்தான் என்பதில்லை. சீலியாக்கில் மலச்சிக்கல் வருபவர்களும் உண்டு, குழந்தைகளிடம் இதை அதிகம் கவனிக்க வேண்டும். நிறைந்த மலக்குடல் பக்கத்தில் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தினால் அடிக்கடி போக வரும், படுக்கையும் நனையும். குழந்தை அடிக்கடி சிறுநீர் போய், தாகமும் இருந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்த்துவிடுங்கள். டைப் 1 நீரிழிவும் சீலியாக்கும் சேர்ந்தே வருவது உண்டு. காய்ச்சல், குளிர் நடுக்கம், இடுப்பு வலி, சிறுநீரில் ரத்தம் என்றால் கைவைத்தியம் எதுவும் வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

2016-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கே 1.23 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம் என்று கண்டார்கள். அதனால் இங்கே அது சட்டென்று யாருக்கும் தோன்றுவதில்லை. சந்தேகம் வந்தவர்கள் தாங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்கு வருகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நிறுத்திய பிறகு எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பியும் முடியட்டும், பிறகு நிறுத்தலாம்.

நோய் உறுதியானவர்கள் சமையலறையில் முதலில் பார்க்க வேண்டியது பெருங்காய டப்பாவை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்திருக்கும். அரிசிச் சோறும் சாம்பாரும்தானே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு அது தினமும் உள்ளே போகிறது. குளூட்டன் இல்லாதது என்று அச்சிட வேண்டுமானால் நம் நாட்டு விதிப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

ஆதம்பாக்கத்து அம்மாவுக்குப் பார்லி நின்றது. அதற்குப் பதிலாக நீர்மோர், எலுமிச்சைச் சாறு, நாள் முழுக்கத் தண்ணீர். கீரையோடு தயிர் சேர்த்துச் சாப்பிடச் சொன்னேன். கல் தானாகவே இறங்கியது, எரிச்சலும் அதோடு போனது. டி.டி.ஜி. இறங்க மாதக்கணக்கில் ஆனது.

போன முறை மாமியாரும் கூட வந்திருந்தார். பையிலிருந்து ஒரு புது டப்பாவை எடுத்து நீட்டினார். "இந்தப் பெருங்காயத்துல மைதா இருக்கான்னு பார்த்துச் சொல்லும்மா. எழுத்து பொடிசா இருக்கு, எனக்குத் தெரியல."

வாங்கிப் படித்தேன். அரிசி மாவும் பிசினும்தான் இருந்தன.