புளி ஊற்றுவதற்கு முன்னால் ஒரு கரண்டி

இரண்டு வயசுக் குழந்தை இருக்கிற வீட்டில் சாயந்திரம் ஏழு மணிக்கு இரண்டு அடுப்பும் எரியும். ஒன்றில் பெரியவர்களுக்குச் சாம்பார், இன்னொன்றில் குழந்தைக்கென்று தனியாகக் குழைய வேகும் சாதம். எங்கள் வீட்டிலும் பல மாதம் இப்படித்தான் ஓடியது. ஒருநாள் சிலிண்டர் தீர்ந்துபோய், ஒற்றை இண்டக்ஷன் அடுப்பில் எல்லாருக்கும் சமைக்க வேண்டி வந்தபோதுதான் கவனித்தேன்: சாம்பார் வைக்கிற வரிசைக்கு நடுவிலேயே குழந்தையின் சாப்பாடு ஒளிந்திருக்கிறது. புளித்தண்ணீர் ஊற்றுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் அந்தப் பாத்திரத்தில் இருப்பது துவரம்பருப்பு, பூசணிக்காய், மஞ்சள்தூள், பெருங்காயம். அவ்வளவுதான். காரம் இல்லை, புளி இல்லை, உப்பும் இல்லை.

சரி, பருப்பு வெந்த பிறகுதான் புளி ஊற்ற வேண்டும் என்று ஏன் வைத்தார்கள்? பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்கிற பசை. கொதிக்கக் கொதிக்க அந்தப் பசை கரைந்து செல்கள் பிரிகின்றன, அதைத்தான் நாம் 'மசிந்துவிட்டது' என்கிறோம். புளி சேர்ந்து தண்ணீர் அமிலமாகிவிட்டால் இந்தப் பசை கரைவது ரொம்ப மந்தமாகிவிடும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரே உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை வெறும் தண்ணீரிலும் மறுபாதியைப் புளித்தண்ணீரிலும் வேகவைத்துப் பாருங்கள், புளித்தண்ணீரில் கிடந்தது இருபது நிமிடம் கழித்தும் விறைப்பாக நிற்கும். போர் தண்ணீரில் பருப்பு வேகாது என்று அம்மாக்கள் புலம்புவதற்கும் இதே பெக்டின்தான் காரணம். அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் பெக்டின் இழைகளைக் குறுக்கே கட்டிப்போட்டுவிடுகிறது. சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வேகும் என்பது உண்மைதான், ஆனால் பருப்பில் இருக்கிற தயாமின் என்ற பி1 வைட்டமின் அதில் கணிசமாக அழிந்துபோகும், குழந்தைக்குச் சமைக்கும்போது அந்தக் குறுக்குவழி வேண்டாம். குக்கரில் நாலு விசில் கூட விட்டால் போகிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் 120 டிகிரி வரைக்கும் போகும், எவ்வளவு பிடிவாதமான பருப்பும் அந்தச் சூட்டில் பணிந்துவிடும்.

ஆக, பருப்பு முதலில் தனியாக மசிய வேண்டும் என்ற வேதியியல் கட்டாயம்தான் நமக்கு அந்த இடைவெளியைத் தருகிறது. அந்த நேரத்தில் இரண்டு கரண்டி பருப்பையும் நாலு துண்டு பூசணிக்காயையும் எடுத்து வைத்துவிட்டால் குழந்தையின் சாப்பாடு முடிந்தது. மிச்சத்தில் புளி, சாம்பார் பொடி, உப்பு என்று நம் வேலையைப் பார்க்கலாம்.

இதில் முக்கியமான விஷயம், மிளகாய் ஒருதடவை உள்ளே போனால் வெளியே எடுக்க முடியாது என்பது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். தாளிக்கிற எண்ணெயில் மிளகாய்த்தூளைப் போட்ட அடுத்த விநாடி அது எண்ணெய் முழுக்கப் பரவிவிடுகிறது, அந்த எண்ணெய் ஒவ்வொரு பருப்பின் மேலும் படிகிறது. அப்புறம் எத்தனை டம்ளர் தண்ணீர் விட்டு நீர்க்க வைத்தாலும் 'காரத்தைக் குறைச்சிட்டேன்' என்று நாம் சொல்லிக்கொள்ளலாமே தவிர, குழந்தையின் நாக்கு ஒத்துக்கொள்ளாது.

காரம் என்பது அறுசுவையில் ஒன்று என்று படித்திருக்கிறோம். ஆனால் உடம்பைக் கேட்டால் அது சுவையே இல்லை, வலி. நாக்கின் நரம்பு நுனிகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறந்துகொண்டு 'சுடுகிறது' என்று மூளைக்குத் தகவல் அனுப்புவது அதன் வேலை. கேப்சைசின் போய் ஒட்டிக்கொண்டாலும் அதே கதவு திறக்கிறது, அதே தகவல் போகிறது. இதை 1997ல் டேவிட் ஜூலியஸின் குழு கண்டுபிடித்தது, 2021ல் மருத்துவ நோபல் பரிசை அவர் ஆர்டெம் படபூட்டியனோடு பகிர்ந்துகொண்டதற்கு இந்தக் கண்டுபிடிப்பு முக்கியக் காரணம். குழந்தை மிளகாயைக் கடித்துவிட்டு 'சுடுது சுடுது' என்று அழுதால் அது தப்பாகச் சொல்லவில்லை, நரம்பு சொல்வதை அப்படியே சொல்கிறது. (கிளி மட்டும் எப்படிப் பச்சை மிளகாயைக் கொறிக்கிறது என்று சின்ன வயசில் யோசித்திருப்பீர்கள். பறவைகளின் டிஆர்பிவி1 கொஞ்சம் வேறு அமைப்பு, அதில் கேப்சைசின் வேலை செய்வதில்லை.)

நமக்கு மட்டும் ஏன் உறைப்பதில்லை? இருபது முப்பது வருஷமாகத் தினமும் தட்டித் தட்டி அந்த நரம்புகள் மரத்துப்போயிருக்கின்றன. அதனால் பெரியவர்கள் ருசி பார்த்துவிட்டு 'இதில் காரமே இல்லையே, குழந்தைக்குக் கொடு' என்று சொன்னால் நம்ப வேண்டாம். அந்த நாக்கு அளவுகோலாக இருக்கிற தகுதியை எப்போதோ இழந்துவிட்டது. என் நாக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தெரியாமல் கடித்துவிட்டால் தண்ணீர் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை, கேப்சைசின் அதில் கரையாதே. ஒரு வாய் பால் அல்லது தயிர் கொடுங்கள். பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்துக்கொண்டு நாக்கிலிருந்து கழற்றி எடுத்துவிடும்.

பொரியலுக்கும் இதே கணக்குதான். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை மட்டும் தாளித்து பீன்ஸை வேகவிடுங்கள், குழந்தையின் பங்கை எடுத்த பிறகு இன்னொரு சின்னக் கரண்டியில் எண்ணெயும் மிளகாயும் காயவைத்து மிச்சத்தின் மேல் கொட்டிக் கிளறுங்கள். அதற்குச் சோம்பலாக இருந்தால், காய்ந்த மிளகாயைக் கிள்ளாமல் முழுசாகப் போடலாம். கேப்சைசின் சுரப்பது விதையில் என்று பலரும் நினைக்கிறார்கள், உண்மையில் விதைகளைத் தாங்கி நிற்கும் உள்ளே உள்ள வெளிர் நரம்பில்தான். தோல் உடையாத மிளகாயிலிருந்து அது அதிகம் வெளியே வராது. மிளகுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதிலிருக்கும் பைப்பரின் தட்டுவதும் அதே டிஆர்பிவி1 கதவைத்தான். வெண்பொங்கலில் முழு மிளகு ஒன்று கடிபட்டால் குழந்தை அடுத்த ஒரு மாதத்துக்குப் பொங்கல் என்றாலே வாயை மூடிக்கொள்ளும் (அனுபவம்). பொங்கலைக் குழைத்து, நெய்யில் சீரகம் மட்டும் தாளித்து எடுத்துவைத்துவிட்டு, நமக்கு மிளகு வறுத்துச் சேர்த்துக்கொள்வது நல்லது.

உப்பு விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது: சாதத்தை நாம் உப்பில்லாமல்தான் வடிக்கிறோம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஒன்று முதல் மூன்று வயது வரை 2 கிராம் தாண்டாமல் இருக்கட்டும் என்பது பிரிட்டனின் சுகாதாரத் துறை சொல்வது. 2 கிராம் என்றால் ஒரு டீஸ்பூனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் சேர்த்து. இட்லி மாவில் உப்பு, பிஸ்கட்டில் உப்பு, அப்பளத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் பொரியலில் காய் வேகும்போது போடாமல் இறக்கும்போது மேலாகத் தூவிப் பாருங்கள். காய்க்குள் ஊறிய உப்பைவிட மேலே ஒட்டியிருக்கும் உப்பு நாக்கில் உடனே கரைவதால் கொஞ்சத்திலேயே போதுமான ருசி தெரியும்.

அடுத்தது வயிறு. குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்கு எடை ஒரு கிலோவுக்குச் சுமார் 30 கிராம் கொள்ளும் என்று கணக்கு வைக்கிறார்கள். பத்து கிலோ குழந்தைக்கு 300 கிராம், ஒன்றரை டம்ளர்கூட வராது. அதை ரசத்தால் நிரப்பினால் வயிறு நிறையும், உள்ளே போனது பெரும்பாலும் தண்ணீர். பாட்டிமார் பருப்பு சாதத்தில் நெய்யை ஊற்றியதில் அர்த்தம் இருக்கிறது: ஒரு டீஸ்பூன் நெய் இடத்தை அடைக்காமலே சுமார் 45 கலோரி தரும். முளைகட்டிய கேழ்வரகிலும் இப்படி ஒரு தந்திரம் உண்டு. முளை விடும்போது உண்டாகும் அமைலேஸ் நொதி, கஞ்சி சூடேறி வருகிற நேரத்தில் மாவுச்சத்தின் நீளச் சங்கிலிகளை வெட்டிப்போடுவதால் கஞ்சி கெட்டிப்படாது, அதனால் அதே டம்ளரில் கூடுதல் மாவைச் சேர்க்க முடிகிறது.

பருப்பு, கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் எளிதில் சேராத வகை. 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. பருப்பு சாதம் ஆறியதும் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் அதிலிருக்கும் வைட்டமின் சி அந்த இரும்பைக் குடல் உறிஞ்ச ஏற்ற வடிவத்துக்கு மாற்றிவிடும். அந்தச் சாப்பாட்டோடு டீ மட்டும் வேண்டாம், டானின்கள் நேர் எதிர் வேலை செய்யும்.

பல் இன்னொரு கணக்கு. முதல் கடைவாய்ப்பல் 13 முதல் 19 மாதத்துக்குள் வரும், இரண்டாவது ஜோடி 23 மாதத்துக்கு முன்னால் வருவது அபூர்வம். அரைக்க அம்மி இல்லாத வாய் அது. முழு வேர்க்கடலை, முந்திரி, உருண்டையான திராட்சை எதுவும் வேண்டாம், மூச்சுக்குழாயை அடைத்துவிடும். முருங்கைக்காயைச் சதை வழித்துக் கொடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் தட்டைத் தள்ளிவிடும், அது வேறு கதை. இரண்டு வயதில் தொடங்கி ஆறு வயது வரை புது உணவைக் கண்டு மிரள்வது இயல்பு. ஒரே காயை எட்டு பத்து தடவை, கட்டாயப்படுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வைத்தால் பெரும்பாலான குழந்தைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். நாம் மூன்றாவது தடவையோடு 'இவனுக்குப் பூசணிக்காய் பிடிக்காது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒரே பாத்திரத்திலிருந்து எடுப்பதில் இங்கே ஒரு லாபம் இருக்கிறது: அவன் சாப்பிடாவிட்டால் யாருக்கும் கோபம் வராது, அவனுக்கென்று தனியாக உழைக்கவில்லையே. எங்கள் வீட்டில் பூசணிக்காய் ஏழாவது தடவை வரைக்கும் தரையில்தான் கிடந்தது. எட்டாவது தடவை, அவன் கிண்ணத்தில் இருந்ததைத் தொடவே இல்லை, என் தட்டில் சாம்பாரில் கிடந்த துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அப்புறம் தயிர்க் கிண்ணத்தைத் தேடி ஓடினேன்.