துளை மண்ணில் பானை ஓடு வந்தால்

கட்டடம் எழும்பும் முன் மண்ணைத் துளைத்துப் பார்ப்பது என் வேலை. குழாயிலிருந்து சாம்பிளைத் தள்ளும்போது, எப்போதாவது களிமண்ணோடு விரல் நகம் அளவில் ஒரு பானை ஓடு வரும். ஒரு பக்கம் சிவப்பு, உள்ளே கறுப்பு. பையன்கள் அதைத் தட்டிவிட்டு அடுத்த சாம்பிளுக்குப் போய்விடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் விட்டேன். ஹெலிக்கே நகரத்தைக் கண்டுபிடித்த கதையைப் படித்த பிறகு மனசு கேட்கவில்லை.

கிரேக்கத்தில் கொரிந்து வளைகுடாவின் தென்கரையில் இருந்த ஊர் அது. கடல் தெய்வமான பொசைடனின் கோவிலுக்குப் பேர்போனது. கி.மு. 373-ல், குளிர்கால இரவொன்றில் நிலம் நடுங்கியது. கடல் ஏறி வந்தது. கரையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருந்தும் ஊர் தப்பவில்லை. உடல்களை எடுக்கப் போன 2,000 பேராலும் முடியவில்லை என்று பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதிவைத்திருக்கிறார்.

ஒன்றரை நூற்றாண்டு போல் கழித்து கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் அங்கே போனபோது, படகுக்காரர்கள் ஒரு விஷயம் சொன்னார்கள். 'போரோஸ்' என்ற இடத்தில் தண்ணீருக்குள் பொசைடனின் வெண்கலச் சிலை நிற்கிறதாம், வலை போடுபவர்களுக்கு அது ஆபத்தாம். போரோஸ் என்றால் நீர்வழி. எல்லோரும் அதைக் கடல் என்றே எடுத்துக்கொண்டார்கள். 20ஆம் நூற்றாண்டில் வளைகுடாவின் அடியில் தேடினார்கள். 1988-ல் தொல்லியலாளர் டோரா கட்சோனோபூலுவும் அவரோடு சேர்ந்து தேடிய ஸ்டீவன் சோட்டரும்கூட சோனார் என்ற ஒலியலைக் கருவி கொண்டு கடலடியைத்தான் முதலில் அலசினார்கள். நகரம் இல்லை.

அப்புறம்தான் கட்சோனோபூலு அந்த ஒரு சொல்லைத் திரும்ப எடுத்தார். போரோஸ் ஏன் கடலாக இருக்க வேண்டும்? உள்ளே தேங்கிய காயலாகவும் இருக்கலாமே! காயல் என்றால் ஆற்று வண்டல் அதைத் தூர்த்திருக்கும். அப்படியானால் ஊர் இப்போது தோட்டங்களுக்கு அடியில் கிடக்க வேண்டும்.

1991 முதல் கடலோரச் சமவெளியில் துளை போட்டார்கள், ஏறத்தாழ 100 துளைகள். பல இடங்களில் மண்ணோடு ஓட்டுத் துண்டுகள் மேலே வந்தன. அவை வந்த ஆழத்தைப் பார்த்து எங்கே தோண்டுவது என்று முடிவு செய்தார்கள். 2001-ல் ரிசோமிலோஸ் கிராமத்தருகே அந்தக் காலத்துக் கட்டட இடிபாடுகள் கிடைத்தன. அவற்றை மூடியிருந்த சேற்றில் காயலில் வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகள் இருந்தன. ஊர் முங்கியது காயலில் என்பதற்குச் சேறே சாட்சி. பக்கத்திலேயே, அதற்கும் 2,000 வருடம் முந்திய இன்னொரு குடியிருப்பும் வெளிப்பட்டது.

இதில் எங்கள் தொழிலுக்கு உள்ள பாடம் ஆழம்தான். ஒருமுறை ரிக் (துளை போடும் இயந்திரம்) ஆபரேட்டர் ஒருவர், 'சார், அழகா இருக்குன்னு எடுத்து வெச்சேன்' என்று ஏழெட்டு ஓடுகளை டீ கப்பில் போட்டு நீட்டினார். கழுவித் துடைத்துவேறு வைத்திருந்தார். எந்தத் துளை, எத்தனை மீட்டர் என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை. அவ்வளவு ஆசையாக எடுத்துவைத்தும் அந்த ஓடுகளால் எதையும் சொல்ல முடியாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஓடு வந்தால் கழுவாதீர்கள். ஒட்டிய மண்ணோடு ஒரு பையில் போடுங்கள். துளை எண், ஆழம், தேதி மூன்றையும் பையின் மேல் எழுதி, துளையின் விவரம் குறிக்கும் லாக் ஷீட்டிலும் ஒரு வரி சேருங்கள். ஒரு போட்டோ எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். 'வேலை நின்றுவிடுமே' என்று சைட்காரர்கள் பயப்படுவது எனக்கும் தெரியும். அஸ்திவாரம் தோண்டிக் கான்கிரீட் போட்ட பிறகு, அந்த ஆழத்து மண்ணை யாராலும் திரும்பப் பார்க்க முடியாது. இப்போது எங்கள் ரிக் வண்டியில் ஒரு கட்டு பையும் மார்க்கர் பேனாவும் எப்போதும் கிடக்கின்றன.