கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்களா? 45 நாள் கெடு ஓடுகிறது

கடனுக்குச் சொத்தை எடுக்க முக்கியமாக இரண்டு வழி. கோர்ட்டில் வழக்குப் போட்டு, டிகிரி (தீர்ப்பாணை) வாங்கி, கோர்ட் ஊழியரான அமீனாவோடு வந்தால் அது ஜப்தி. அடமானம் வைத்த வீட்டை வங்கி கோர்ட் படியேறாமலே எடுத்தால் அது சர்ஃபாசி சட்டம், 2002. அதில் கதவில் ஒட்டும் நோட்டீஸில் ‘சுவாதீனம்’, அதாவது சொத்தைத் தன் வசம் எடுத்துக்கொள்வது, என்று போட்டிருப்பார்கள். மக்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான்.

தவணை நின்று கணக்கு வாராக்கடன் ஆனதும் 60 நாளுக்குள் பாக்கியைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். பயந்துபோய் தபாலைத் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்க மறுத்தாலும் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். கிளைக்கு ஓடினால், "கொஞ்சம் கட்டுங்க, பாத்துக்கலாம்" என்பார்கள். அதை நம்பி நாளைக் கழித்து வீட்டை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சொன்னவர் மாற்றலாகிப் போயிருப்பார், புதிதாக வந்தவர் "ஃபைல்ல அப்படி எதுவும் இல்லையே" என்பார். ஆட்சேபத்தை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்து சுவாதீன நோட்டீஸைக் கதவில் ஒட்டி, இரண்டு நாளிதழில் விளம்பரம் கொடுப்பார்கள். சாவி உங்களிடமே இருக்கும், அடுப்பும் எரியும். ஒன்றும் ஆகவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் காகிதத்தில் வீடு வங்கியின் கைக்குப் போயாயிற்று. கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக உங்களுக்குள்ள 45 நாள் அன்றே ஆரம்பம். ஆட்சியர் அல்லது மாஜிஸ்திரேட் உத்தரவோடு போலீஸ் வந்து நிற்கும்வரை காத்திருந்தால் கெடு தாண்டிவிடும்.

"சிவில் கோர்ட்டில் ஸ்டே வாங்கித் தருகிறேன்" என்று ஃபீஸ் கேட்பவரிடம் ஜாக்கிரதை. இந்த விஷயத்தைச் சிவில் கோர்ட் விசாரிக்கச் சட்டமே தடை போட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் தீர்ப்பாயம் இருப்பது சென்னை, கோவை, மதுரையில் மட்டும். தூத்துக்குடிக்காரர் மதுரைக்கு அலைய வேண்டும், வேறு வழியில்லை.

விவசாய நிலத்தை இந்தச் சட்டத்தில் எடுக்க முடியாது. ஆனால் பட்டாவில் புஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது, அங்கே உண்மையிலேயே சாகுபடி நடக்க வேண்டும். என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கான அடங்கலின் நகலைக் கையில் வைத்திருங்கள்.

கோர்ட் ஜப்தி என்றால் அமீனாவிடம் முதலில் வாரண்டைக் கேளுங்கள். உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, உழவு மாடு, விதை நெல், கைத்தொழில் கருவி எதையும் தொடக் கூடாது. சாதாரணக் கடன் டிகிரியில் சம்பளத்தின் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் பிடிக்க முடியாது. 25,000 சம்பளம் என்றால் அதிகபட்சம் 8,000 தான். கோர்ட் உத்தரவே இல்லாமல் டிவியைத் தூக்க வரும் வசூல் ஆளுக்கு உங்கள் வாசற்படி தாண்ட உரிமை கிடையாது, போலீஸைக் கூப்பிடுங்கள்.

சர்ஃபாசியில் முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்க நினைத்தால், ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே கட்டிவிடுங்கள். ஏலத் தேதிவரை நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அது 2016-க்கு முந்தைய சட்டம்.