வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா?

மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் சின்னக் கடைகளுக்கும் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. ஒரு குழுவில் 270 ரூபாய் உதைத்தது. புத்தகப்படி இருக்க வேண்டிய பணம் பெட்டியில் இல்லை. கணக்கு எழுதும் பெண் கண் கலங்கிவிட்டார். "கைக்காசு போட்டுச் சரிக்கட்டிடவா அக்கா?" என்றார்.

தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். பெட்டி சரியாகிவிடும், பிழை புத்தகத்திலேயே தங்கிவிடும். யாரோ ஒரு உறுப்பினரின் கணக்கு தப்பாகவே தொடரும்.

முதலில், அதே 270 ரூபாய்க்கு ஏதாவது ரசீது எழுதாமல் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. அடுத்து 2+7+0 கூட்டினால் 9. அதனால் 270 ஒன்பதால் வகுபடும், ஈவு 30. அப்படியென்றால் நூறாம் இடமும் பத்தாம் இடமும் மாறியிருக்கலாம், அந்த இரண்டு இலக்கங்களுக்கும் வித்தியாசம் 3. அப்படிப்பட்ட தொகைகளை மட்டும் ரசீதோடு ஒப்பிட்டோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. 580 ரூபாய் ரசீது புத்தகத்தில் 850 ஆக ஏறியிருந்தது.

இதில் மாயம் எதுவும் இல்லை. 8 பத்தாம் இடத்திலிருந்து நூறாம் இடத்துக்குப் போனால் 80 என்பது 800 ஆகிறது, எட்டுத் தொண்ணூறு கூடுகிறது. 5 இறங்கியதில் ஐந்து தொண்ணூறு குறைகிறது. மிச்சம் மூன்று தொண்ணூறு, அதாவது 270. அடுத்தடுத்து இருக்கும் எந்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் வித்தியாசம் ஒன்பதின் மடங்குதான்.

பூஜ்யம் விட்டுப்போனாலும் இதே கதைதான். 1,200 ஐ 120 என்று எழுதினால் வித்தியாசம் 1,080. அதை ஒன்பதால் வகுத்தால் தப்பாக எழுதிய 120 அப்படியே வந்து நிற்கும். செலவை வரவுப் பக்கம் எழுதியிருந்தால் மட்டும் வித்தியாசம் இரட்டிப்பாகும், அப்போது அதில் பாதித் தொகையைத் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெருக்கல் விடையை இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்க்கும் குறுக்குவழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் 58 க்கும் 85 க்கும் இலக்கக் கூட்டுத்தொகை ஒன்றே, அதனால் இடம் மாறிய பிழை அதில் சிக்காது. ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் இந்த மாதிரிப் பிழையைப் பிடிக்கவென்றே வைத்த சோதனை இலக்கம். நாம் அனுப்பும் தொகைக்கு அப்படி ஒரு காவல் இல்லை. போனில் பணம் அனுப்புமுன் தொகையை ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படியுங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைக் கொடுத்துப் பாருங்கள். எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத நான்கு இலக்க எண் ஒன்று. 3524 என்று வைத்துக்கொள்வோம். இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதைக் கழிக்க வேண்டும்: 5432−2345=3087. அப்புறம் 8730−0378=8352. அப்புறம் 8532−2358=6174. இதற்குமேல் எத்தனை முறை கழித்தாலும் 6174 தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் இங்கே வந்துவிடும். நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர் கண்டது இது. வழியில் வரும் ஒவ்வொரு விடையும் ஒன்பதால் வகுபடுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அந்தக் குழுவில் 850 ஐ ஒரே கோடாக அடித்து, மேலே 580 எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த மாதம் 54 ரூபாய் குறைந்தபோது அந்தப் பெண் என்னைக் கூப்பிடவில்லை. 71 ரூபாய் டீச்செலவை 17 என்று எழுதியிருந்ததை அவரே பிடித்துவிட்டார்.