நஞ்சா, முடக்கமா?

கழிவுநீர்ப் பாடத்தில் 'டாக்சிசிட்டி', 'இன்ஹிபிஷன்' என்ற இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வரும். தமிழில் எழுதும்போது பலரும் இரண்டையும் 'நச்சுத்தன்மை' என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகிறோம். நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைத்து மெத்தேன் எரிவாயு உண்டாக்கும், காற்றுப் புகாத மூடிய தொட்டிதான் காற்றில்லாக் கலன். அதைப் பொறுத்தவரை இது உயிர் இருக்கும்போதே சாவு மேளம் அடிப்பது மாதிரி.

கிரேக்கத்தில் 'டாக்சான்' என்றால் வில். அம்பில் தடவும் நஞ்சு 'டாக்சிகான்'. காலப்போக்கில் வில்லும் அம்பும் போய் நஞ்சு மட்டும் நின்றுவிட்டது. நம் 'நஞ்சு' இன்னொரு பெயருக்கு முன்னால் வரும்போது 'நச்சு' என்று வல்லினமாகும். இரும்பு 'இருப்புப்பாதை' ஆவதுபோல. (நச்சுதல் என்றால் விரும்புதலும்தான். "நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று" என்று வள்ளுவர் இரண்டையும் ஒரே குறளில் வைத்து விளையாடியிருக்கிறார்.) 'இன்ஹிபிஷன்' லத்தீன் வழி வந்தது. பிடித்து நிறுத்துவது என்று பொருள். கொல்வது அதில் இல்லை.

இந்த வேறுபாடு சேலம் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவுநீரில் கண்ணுக்குத் தெரியும். மரவள்ளிக் கிழங்கில் சயனைடு தரும் பொருள் உண்டு. அது கழிவுநீரிலும் இறங்கும். மூடிய கலனில் மெத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் முதல்முறை அதைச் சந்தித்தால் வேலையை நிறுத்திவிடும். ஆனால் அவற்றுக்கு முந்தின கட்டத்தில் அமிலம் உண்டாக்கும் கூட்டம் அவ்வளவு சுலபத்தில் நிற்காது. அதைத் தின்று மெத்தேனாக்க ஆளில்லாமல் அமிலம் சேர்ந்து, அதைச் சமன்செய்யும் காரத்தன்மை தீர்ந்து, பிஎச் (அமில-கார அளவு) 6.5-க்குக் கீழே இறங்கும். எரிவாயு குறையும். பார்ப்பவர் 'கலன் செத்துவிட்டது' என்பார். பெரும்பாலும் சாகவில்லை. நஞ்சின் அளவு குறைந்து, கொஞ்ச நாள் கொடுத்தால் எழுந்துவிடும். சிறிது சிறிதாகப் பழக்கினால் அதே சயனைடோடு குடித்தனமும் நடத்தும். குளோரோபார்ம் என்ற வேதிப்பொருள் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவிலேயே மெத்தேனை நிறுத்தக்கூடியது. அதிலிருந்தும் இந்த நுண்ணுயிர்கள் மீண்டுவிடுகின்றன.

சரி, 'இன்ஹிபிஷன்' தமிழில் என்ன? 'தடுப்பு' என்றால் வெளியே நின்று மறிப்பது. 'ஒடுக்கம்' பொருந்தும்போல் இருக்கும். ஆனால் வேதியியலில் அது ஆக்சிஜனேற்றத்துக்கு நேர்மாறான வினையின் (ரிடக்‌ஷன்) பெயர். காற்றில்லாக் கலனில் அந்த வினை ஓயாமல் நடப்பதால் குழப்பம்தான் மிஞ்சும். என் தேர்வு 'முடக்கம்'. 2020-இல் பொதுமுடக்கத்தைப் பார்த்தவர்களுக்கு, முடங்கியது மறுபடி திறக்கும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.