முதலில் என்னைச் சரிசெய்துகொள்கிறேன், அப்புறம் மனிதர்கள்!

இந்த வாரமும் ஒருவர் அதே வசனத்தோடு வந்தார். "நான் இன்னும் ரெடி ஆகலை மேடம். முதல்ல என்னைச் சரிபண்ணிக்கணும், அப்புறம்தான் மத்தவங்களோட பழக முடியும்." மனநல ஆலோசகர் வேலையில் ஒரே வசனத்தை வேறு வேறு குரல்களில் கேட்பது புதிதில்லை, ஆனால் இது எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடுகிறேன். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், ஒன்றிரண்டு பேரைக் கலந்தும் இருக்கிறேன்.)

அவர் போனைத் திறந்து ஓர் அட்டவணையைக் காட்டினார். தூங்கிய நேரம், நடந்த அடிகள், குடித்த தண்ணீர், தியானம் செய்த நிமிடங்கள், அன்றைக்கு நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்கள், போன் பார்த்த நேரம் என்று வரிசையாகக் கட்டங்கள். செய்திருந்தால் பச்சை, தவறியிருந்தால் சிவப்பு. மாதக்கணக்காகப் பெரும்பாலும் பச்சைதான். இவ்வளவு ஒழுங்காக இருக்கும் ஒருவர் "உள்ளுக்குள்ள எதுவுமே ஒட்டலை, எந்த இடமும் என் இடமா தெரியலை" என்று வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் அந்த அட்டவணையை மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்தேன். ஒரு மனிதரின் பெயர்கூட அதில் இல்லை.

நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். நாளைக்கு நீங்கள் எங்கேயும் தலைகாட்டவில்லை என்றால் யார் கவனிப்பார்கள்? "தவணை கட்டலைன்னா பேங்க்ல கவனிப்பாங்க" என்றார். நகைச்சுவை உணர்வு நன்றாகவே இருந்தது, தொழில்முறையில் அது எனக்கு நல்ல அறிகுறி.

தனிமை உடம்பைக் கெடுக்குமா என்று இன்னமும் கேட்பவர்களுக்காக ஒரே பத்தியில் சொல்லிவிட்டு நகர்கிறேன். 2025-ல் உலக சுகாதார அமைப்பின் ஆணையம் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார், தனிமையோடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டுக்கு 8,71,000 என்று அதில் கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்கு முன்பே, 2010-ல், ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் அவருடைய சகாக்களும் 148 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, உறவுகள் வலுவாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதல் என்று காட்டிவிட்டார்கள். ஆகவே இது மனசு சம்பந்தப்பட்ட மென்மையான விஷயம், மாத்திரை மருந்துதான் நிஜ வைத்தியம் என்ற பேச்சை இனி விட்டுவிடலாம்.

சரி, இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன்.

"உன்னை நீ நேசிக்காமல் அடுத்தவரை நேசிக்க முடியாது" என்ற வகைப் பேச்சு எங்கிருந்தோ கிளம்பி எல்லார் வாயிலும் புகுந்துவிட்டது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு மக்கள் என்ன செய்கிறார்கள் என்றால், தன்னை அறிதல் முதல் வகுப்பு, இயற்கை இரண்டாம் வகுப்பு, மனிதர்கள் மூன்றாம் வகுப்பு என்று பாடத்திட்டம் போட்டுக்கொள்கிறார்கள். முதல் வகுப்பில் தேறும் வரை நண்பரின் அழைப்பை எடுப்பதில்லை, குடும்பக் குழுவிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள், கருத்து வேறுபட்ட எல்லாருக்கும் 'நச்சு மனிதர்' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அப்புறம் அமைதி கிடைக்கிறது, அதை மறுக்க மாட்டேன், முதல் சில வாரங்களுக்கு நிஜமாகவே நிம்மதியாக இருக்கும், யாரும் தொந்தரவு செய்யாத நிம்மதி அது. அந்த நிம்மதியைத்தான் 'நான் குணமாகிறேன்' என்று தப்பாகப் படிக்கிறார்கள். நீச்சல் கற்ற பிறகுதான் தண்ணீரில் கால் வைப்பேன் என்று கரையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து நாம் சிரிப்போம், இதற்கு மட்டும் தலையாட்டுகிறோம்.

ஏன் இது வேலைக்கு ஆகாது? தனிமை மனிதரை எச்சரிக்கைக்காரர் ஆக்கிவிடுகிறது. இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் கசியோப்போ, தனிமை என்பது பசியைப் போல, தாகத்தைப் போல உடம்பு தரும் ஒரு சமிக்ஞை என்றார். ஆனால் அந்தச் சமிக்ஞை நீண்ட நாள் தொடர்ந்தால் மனம் மற்றவர்களிடம் ஆபத்தைத் தேட ஆரம்பிக்கிறது. பதில் வர இரண்டு மணி நேரம் ஆனால் 'என்னை ஒதுக்குகிறார்கள்', ஒருவர் கொட்டாவி விட்டால் 'என் பேச்சு அவருக்குச் சலித்துவிட்டது'. இப்படிப் படிக்கப் பழகிய மனம் அறைக்குள் தனியாக உட்கார்ந்து எத்தனை மாதம் யோசித்தாலும் தன் முடிவைத் திருத்திக்கொள்ளாது, ஏனென்றால் அதை மறுக்கும் சாட்சி வெளியேதான் இருக்கிறது. 'இவர் வர மாட்டார்' என்று நீங்கள் முடிவுகட்டிய ஒருவர் வந்து நிற்க வேண்டும், அப்போதுதான் அந்தக் கணக்கு தப்பு என்று மனம் ஒத்துக்கொள்ளும். அதற்கு முதலில் நீங்கள் அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும் இல்லையா?

இங்கே எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களையும் திட்ட வேண்டியிருக்கிறது. "தனியா இருக்கியா? வெளிய போ, நாலு பேரோட கலந்து பழகு" என்று அனுப்பிவைக்கும் நல்லெண்ணக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களைத்தான். வெறுமனே கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் தனிமை தீராது, சிலருக்கு இன்னும் கூடும். தனிமைக்கான சிகிச்சை முறைகளை ஒப்பிட்ட 2011-ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு ஒன்று (கசியோப்போவும் அதில் ஓர் ஆசிரியர்), ஆட்களைச் சந்திக்க வாய்ப்பு ஏற்படுத்தித் தருவதைவிட, நான் மேலே சொன்னபடி மற்றவர்களைத் தப்பாகப் புரிந்துகொள்ளும் அந்தப் பழக்கத்தைத் திருத்தும் முயற்சிகளே கூடுதல் பலன் தந்தன என்று சொல்கிறது. அதாவது போய்க் கலந்துகொள்ளவும் வேண்டும், போன இடத்தில் மனம் என்ன கதை கட்டுகிறது என்று கவனிக்கவும் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில், ஒன்று முடிந்து மற்றொன்று கிடையாது.

ஓர் இடம் நம் இடம் என்று எப்போது தோன்றுகிறது? என் அனுபவத்தில், அங்கே நமக்கு ஒரு வேலை இருக்கும்போது. சின்ன வேலைதான். நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, குழுவில் வருகைப் பதிவு எடுப்பது, பாட்டுப் பயிற்சிக்கு முன்னால் நாற்காலி போடுவது. நாற்காலி போடுகிறவர் ஒரு நாள் வரவில்லை என்றால் மற்றவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள், அவர் எங்கே என்று கேட்பார்கள். விருந்தினராகப் போய் ஓரமாக உட்கார்ந்து, 'என்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை' என்று வருத்தப்படுபவர்களுக்கு நான் எழுதித் தரும் முதல் மருந்து, சீக்கிரம் போய் நாற்காலி போடுங்கள் என்பதுதான். சிலர் இதைக் கேட்டு ஏமாந்துபோகிறார்கள். இவ்வளவு கட்டணம் கட்டி வந்ததற்கு இன்னும் ஆழமாக ஏதாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போல.

இன்னொன்று, பொறுமை. ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், வெறும் அறிமுகம் ஓரளவு நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார். வாரம் இரண்டு மணி நேரச் சந்திப்பு என்றால் 50 மணி நேரத்தைத் தொடவே ஆறு மாதம். மூன்று தடவை போய்விட்டு 'அங்கே எனக்குச் செட் ஆகலை' என்று வருபவரிடம் நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறேன். மூன்று தடவையில் யாருக்கும் எதுவும் ஒட்டாது சாமி.

எல்லாரோடும் நெருக்கமாக வேண்டும் என்றும் இல்லை. தினமும் அதே பேருந்தில் வருபவரிடம் ஒரு தலையசைப்பு, காவலாளியிடம் இரண்டு வார்த்தை, இவையெல்லாம் கணக்கில் வரும். இவற்றை அற்பம் என்று ஒதுக்கிவிட்டு 'ஆத்மார்த்தமான உறவு' ஒன்றுக்காகக் காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இயற்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பெரிய குழப்பமில்லை, மக்கள்தான் அதைச் சுற்றுலாவாக மாற்றிக் குழப்பிக்கொள்கிறார்கள். ரோஜர் உல்ரிக் 1984-ல் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும். பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், ஜன்னல் வழியாக மரங்களைப் பார்க்க முடிந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்களைவிடக் கொஞ்சம் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. மொத்தம் 46 பேர்தான், சின்ன ஆய்வு, ஆனால் மருத்துவமனை கட்டுபவர்களை அது யோசிக்க வைத்தது. 2019-ல் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரின் விவரங்களை வைத்துப் பார்த்தபோது, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொன்னது கூடுதலாக இருந்தது. ஒரே மூச்சில் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் வித்தியாசமில்லை. (நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி இந்த ஆய்வில் தீரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

ஆகவே வருடத்துக்கு ஒரு தடவை மலைக்குப் போய் நூறு படம் எடுத்துக்கொண்டு வருவதைவிட, வீட்டுக்கு அருகில் உள்ள ஒரே மரத்தடிக்கு வாரம் சில தடவை போங்கள். ஒரே மரம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். துளிர் விடுவது, எறும்பு வரிசை இடம் மாறுவது, போன வாரம் இருந்த கூடு இந்த வாரம் காலியாக இருப்பது, இதெல்லாம் திரும்பத் திரும்பப் போகிறவர் கண்ணில்தான் படும். என்னிடம் வரும் ஒரு பெண்மணி, பேச்சுக்கு இடமே கொடுக்காதவர், தான் தண்ணீர் ஊற்றும் செடியில் புழு வந்திருப்பதைப் பற்றி அன்றைக்கு இருபது நிமிடம் பேசினார், அதைச் சரிசெய்ய எதிர்வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டதையும் போகிற போக்கில் சொன்னார். நான்கு வருடமாக அந்த எதிர்வீட்டுக்காரரோடு பேச்சே கிடையாது என்பது எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொண்டேன்.

அப்படியென்றால் 'தன்னோடு தொடர்பு' என்பதெல்லாம் வெறும் பேச்சா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல வரவில்லை. தன்னோடு இருப்பது பலருக்கும் கஷ்டம், 2014-ல் ஒரு சோதனையில் போனும் புத்தகமும் இல்லாமல் 15 நிமிடம் சும்மா உட்காரச் சொன்னபோது 18 ஆண்களில் 12 பேர் சும்மா இருக்க முடியாமல், அங்கே வைத்திருந்த பொத்தானை அழுத்தித் தங்களுக்குத் தாங்களே மின் அதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள். பெண்களில் 24 பேருக்கு 6 பேர். எனவே பழக வேண்டியதுதான். ஆனால் தன்னைக் கவனிப்பதற்கும் தன்னைக் கண்காணிப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பச்சைக் கட்டங்கள் எல்லாம் கண்காணிப்பு. 'இப்போது எனக்குக் கோபமா, பசியா, யாராவது பேச வேண்டும் போலிருக்கிறதா?' என்று நாளில் ஒரு தடவை நிஜமாகக் கேட்டுப் பார்ப்பது கவனிப்பு. பேச வேண்டும் போலிருந்தால் யாரையாவது கூப்பிடுங்கள், அதையும் ஒரு கட்டத்தில் குறித்துவைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

ஒரு தொழில் ரகசியமும் சொல்லிவிடுகிறேன். வயதானவர் ஒருவர் வீட்டு நிகழ்ச்சிகளிலிருந்து ஒதுங்கினால், 'மன அழுத்தம்' என்று என்னிடம் அழைத்து வருவதற்கு முன்னால் தயவுசெய்து காதைப் பரிசோதியுங்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் அறையில் பாதி கேட்காமல், எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பதைவிட உள்ளே போய்ப் படுத்துக்கொள்வது மேல் என்று அவர் முடிவுசெய்திருக்கலாம். கண்ணாடி போட யாருக்கும் வெட்கமில்லை, காதுக்கருவி என்றால் மட்டும் ஏன் இவ்வளவு பிடிவாதமோ தெரியவில்லை. இளம் வயதினர் என்றாலும் சோர்வு வாரக்கணக்கில் போகவில்லை என்றால் தைராய்டு, ரத்தச்சோகை பார்த்துவிடுங்கள்.

அடித்தும் மிரட்டியும் அவமானப்படுத்தியும் நடத்துகிற உறவிலிருந்து விலகியவர்கள் மேலே நான் திட்டியதை எதையும் உங்களுக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் செய்தது சரி. விலகிய பிறகு தனியாக நின்றுவிடாமல் பாதுகாப்பான ஒருவரையாவது பிடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் என் கோரிக்கை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, எதிலும் பிடிப்பு எல்லாம் போயிருந்தால் அது மரத்தடியில் தீராது, நாற்காலி போட்டும் தீராது. மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள், இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், சொன்ன கையோடு மருத்துவமனைக்குப் போங்கள். அப்படி ஒருவர் உங்களிடம் சொன்னால் அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள், முகவரியைக் கையில் கொடுத்து 'போய்ப் பார்' என்றும் அனுப்பாதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே போங்கள், உள்ளே அழைக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.